மெழுகுத் துணிக்குக் கீழே

வாதம் அடித்த பிறகு அண்ணனிடம் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, 'ஆமா'. காபி வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றால் அதற்கும் ஆமா. வலிக்கிறதா? ஆமா. வலி இல்லையே? ஆமா. தலையாட்டலையாவது நம்பலாம் என்று பார்த்தால் அதுவும் எப்போதும் மேலும் கீழுமாகத்தான் ஆடியது. டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். மூளையில் பேச்சு வருகிற இடத்தில் அடி விழுந்திருக்கிறது, நாம் சொல்வது அவருக்கு முக்கால்வாசி புரியும், பதிலைத்தான் எடுத்துக் கொடுக்க முடியாது, நடுநடுவே அழுவார், அதற்கெல்லாம் அர்த்தம் தேடிக்கொண்டு உட்காராதீர்கள் என்றார். நான் வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்த டாக்டரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. யாரையாவது திட்டியாக வேண்டியிருந்தது.

பொங்கல் முடிந்த கையோடு, வயலில் நின்றுகொண்டிருந்தபோது விழுந்தார். வலது கையும் வலது காலும் போய்விட்டன. இடது பக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆரம்பாக்கத்தில் அப்பா விட்டுப்போன நிலத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். நான் காக்களூரில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிற டர்னர். லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் வழியாக பைக்கை விரட்டிக்கொண்டு போய் அவரைப் பார்த்துவிட்டு வருவேன்.

பயிற்சிக்கு என்று ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அண்ணன் அதைத் தூக்கி எறிந்தார். மறுபடி எடுத்துக் கொடுத்தால் மறுபடி எறிந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் அண்ணி ஒரு நாள், துப்பாக்கித் துணிக்கு அவர் தடவுகிற மெழுகு டப்பாவை எடுத்து மடியில் வைத்தாள். அவ்வளவுதான். பழைய வேட்டித் துண்டு ஒன்றைத் தொடையில் விரித்துப்போட்டு, இடது கையால் மெழுகைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். நாஷ்டா முடிந்து உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாடு வரை தேய்ப்பார். அழுவது குறைந்தது. "அந்தத் துப்பாக்கிதான் எனுக்குச் சக்களத்தி. இப்பயும் அதுகூடத்தான் குடித்தனம் பண்ணினு கீறாரு" என்றாள் அண்ணி. திட்டுகிற மாதிரி சொன்னாலும் அந்த டப்பா காலியாகிவிடக் கூடாது என்று அவளுக்கும் கவலை இருந்தது.

துப்பாக்கி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றைக் குழல். பின்பக்கம் மூடியே இருக்கும். போடுகிறதை எல்லாம் வாய் வழியாகத்தான் போட வேண்டும். முதலில் கரிமருந்து, அதன்மேல் நார், அதன்மேல் துணி. கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பின்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதில் 'கேப்பு' என்கிற சின்ன வெடிமூடியை மாட்டி, குதிரை என்கிற விசையைத் தட்டினால் வெடிக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று அப்பா பெயரில் இருந்த லைசென்ஸ் பிறகு அண்ணன் பெயருக்கு வந்தது. ஏரியில் வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடக்கிறது. பன்றிகள் பகலெல்லாம் அதற்குள் படுத்திருந்துவிட்டு, கதிர் பால் பிடிக்கிற சமயம் பார்த்து வயலில் இறங்கும். சட்டப்படி பன்றியைச் சுடக் கூடாது. விரட்டலாம். ஆகையால் குண்டு, ரவை எதுவும் கிடையாது. சும்மா சத்தம் போடுகிற ஒரு சாமான், அதற்கு ஒரு லைசென்ஸ், அதைப் புதுப்பிக்க ஒரு அலைச்சல். பட்டாசு வெடித்தால் போதாதா என்று கேட்பார்கள். வெடித்துப் பார்த்தோம். இரண்டு வாரத்தில் பழகிப்போய், பன்றிகள் எங்கள் வயலில் தீபாவளி கொண்டாடின. இந்தக் குழலின் சத்தத்துக்கு மட்டும்தான் அவை ஏரியைத் தாண்டி ஓடும்.

அந்தச் சத்தம் மருந்தில் இல்லை, நாரில் இருக்கிறது என்பார் அண்ணன். நார் சரியாகக் கெட்டிக்காவிட்டால் புஸ்ஸென்று போய்விடும். முதலில் தேங்காய் நார் வைத்துப் பார்த்தார். அது கங்கு பிடித்துக்கொண்டே போய் வரப்பில் விழுந்து, அணையாமல் கிடந்து புகைந்தது. வைக்கோல் இருக்கிற இடத்தில் இது வேண்டாம் என்று விட்டுவிட்டார். நான் பட்டறையிலிருந்து மிஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் பாதி பாலியஸ்டர். உருகிக் குழலோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் சணப்பில் வந்து நின்றார். நாற்று நடுவதற்கு முன் தழைச்சத்துக்காக எல்லோரும் சணப்பு விதைத்து மடக்கி உழுவார்கள். அண்ணன் மட்டும் வரப்பு ஓரமாக ஒரு வரிசையை உழாமல் விட்டுவைப்பார். முற்றிய பிறகு அறுத்து, குட்டையில் ஊறப்போட்டு, கல்லில் அடித்து, நாரை உரித்து, மரச் சீப்பால் சீவுவார். பொன்னிறத்தில் கூந்தல் மாதிரி தொங்கும். அண்ணிக்குப் பார்க்கப் பார்க்க எரியும். "எனுக்கு ஒரு நாளாச்சும் இப்டி தல சீவி உட்டுருப்பாரா கேளு தம்பி."

துணிக்குத் தடவுகிற சமாச்சாரம் இன்னும் பெரிய கதை. மெழுகுவத்தியை உருக்கித் தடவினார். குழலுக்குள் கரி சட்டிப் பொறுக்கு மாதிரி பிடித்துக்கொண்டது. நெய் தடவினால் எறும்பு வந்தது, எறும்பு போனால் எலி வந்து துணியையே தின்றது. தேங்காயெண்ணெய் மார்கழியில் கல்லாக உறைந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். லேத்துக்குப் போடுகிற உயர்ந்த ரக கிரீஸை ஒரு டப்பா நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கரிமருந்துப் புகையோடு சேர்ந்து அது உள்ளே தார் ரோடு போட்டுவிட்டது. "மிஷினு வேற, மருந்து வேற. ஒன் கம்பெனி எண்ணெய எடுத்துக்கினு இந்தப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கிரீஸ் நல்ல கிரீஸ்தான், இப்போதும் சொல்வேன். பிறகு தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் கலந்து உருக்கி, வேட்டித் துணியில் தேய்த்துப் பார்த்தார். அதுதான் சரியாக வந்தது. குழல் வழவழவென்று இருந்தது, கரி லேசாகக் கழன்று வந்தது. எல்லாவற்றுக்கும் மேல், அந்தத் துணியை மேலே வைத்து அடைத்துவிட்டால் ஒரு சொட்டு ஈரம் உள்ளே இறங்காது. "தண்ணில முக்கி எடுத்தாலும் மருந்து நமுக்காது" என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பன்றி வருகிற காலத்தில் மருந்து கெட்டித்து, நார் வைத்து, மெழுகுத் துணியால் அடைத்துத் தயாராக மாட்டிவைப்பார். கேப்பு மட்டும் போட மாட்டார். அறுப்பு முடிந்ததும் குழலைக் கழுவிக் காயவைத்து, துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் நாரை நீளமாகத் திணித்து, மேலே அதே மாதிரி ஒரு மெழுகுத் துணியை வைப்பார். வாயில் எட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், மஞ்சளாக ஒரு துணி. அதற்குக் கீழே மருந்து இருக்கிறதா, வெறும் நாரா என்பது அடைத்தவருக்குத்தான் தெரியும்.

பங்குனியில் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும், முடிந்த பிறகு திருப்பிக் கொடுப்பார்கள். இது எங்களுக்குப் புதிதில்லை. ஸ்டேஷனிலிருந்து ரைட்டர் போன் பண்ணினார். வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவர வேண்டும், உள்ளே லோடு எதுவும் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும், வரவில்லை என்றால் லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி மேலே எழுத வேண்டியிருக்கும் என்றார். மரியாதையாகத்தான் பேசினார். அண்ணி எனக்கு போன் போட்டாள். "தம்பி, அது லோடா கீதா இல்லையானு எனுக்குத் தெரியல. ஒங்கண்ணனக் கேட்டா ஆமான்றாரு."

நான் அன்றே கிளம்பிப் போனேன். மூலையில் மாட்டியிருந்த துப்பாக்கியைக் காட்டிக் கேட்டேன்.

"அண்ணா, உள்ள மருந்து கீதா?"

"ஆமா."

"வெறும் நாரா?"

"ஆமா."

"ஒண்ணும் இல்ல, காலிதானே?"

"ஆமா" என்றார், இன்னும் அழுத்தமாக. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். தான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இந்தத் தம்பிதான் மரமண்டை என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. எனக்குச் சிரிப்பு வந்தது.

கம்பியை வாய் வழியாக விட்டு, நிற்கிற இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டு, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். அடிவரை போகவில்லை. ஒரு சாணுக்கு மேல் முன்னாலேயே நின்றிருந்தது. மருந்தும் நாருமாக ஒரு சாண் இருக்கலாம். திணித்து வைத்த எண்ணெய் நாரே ஒரு சாண் இருக்கலாம். ஆக எதுவும் தெரியவில்லை. அடைப்பை இழுக்கிறதற்கென்று அண்ணனிடம் ஒரு திருகு இருந்தது. கம்பி நுனியில் மாட்டித் திருகினால் நாரைக் கவ்வி இழுத்துவரும். அது எங்கே என்று கேட்டேன். பரணிலா? ஆமா. மோட்டார் ரூமிலா? ஆமா. நெல் பத்தாயத்துக்குப் பின்னாலா? ஆமா. பரண், மோட்டார் ரூம், பத்தாயம் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டினேன். எலிப் புழுக்கைதான் கிடைத்தது.

சென்னையில் அண்ணன் கரிமருந்து வாங்குகிற கடைக்காரருக்கு போன் பண்ணினேன். கொண்டுவாங்க, எடுத்துத் தருகிறேன் என்றார். லோடான துப்பாக்கியை எப்படிக் கொண்டுபோவது? தேர்தல் சமயத்தில் துப்பாக்கியும் கையுமாக மின்சார ரயிலில் ஏறினால் மறுநாள் பேப்பரில்தான் என் மூஞ்சியைப் பார்க்கலாம். வயலில் வைத்து வெடித்துக் காலி பண்ணிவிடலாமா என்று ரைட்டரையே கேட்டேன். "ஐயோ, இப்போ சத்தம் கேட்டா நாங்கதான் ஓடியாரணும். வெடிக்காம எடுத்துக் கொண்டாங்க" என்றார். சுடவும் கூடாது, கொண்டுபோகவும் கூடாது, அப்படியே கொடுக்கவும் கூடாது. நாலு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு வெளியே வா என்றால் எப்படி வருவது?

அண்ணியின் தம்பி தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. எல்லாம் தெரிந்தவன். "நீ பேஜார் ஆவாத மச்சான், நா பாத்துக்கறேன்" என்று வந்தான். போனில் வெள்ளைக்காரர்கள் இதே மாதிரி துப்பாக்கி வைத்துக்கொண்டு விளையாடுகிற வீடியோ ஒன்றைக் காட்டினான். அவர்கள் ஆளிச் செடியின் நாரை வைத்துக் கெட்டிக்கிறார்கள், ஏதோ கொழுப்பைத் தடவுகிறார்கள். அண்ணன் போனை இடது கையில் பிடுங்கிக்கொண்டு கண்ணெடுக்காமல் பார்த்தார். வீடியோ முடிந்தது. ஆமா என்றார். மறுபடி போடச் சொல்கிறார் என்று நாங்களாக நினைத்துக்கொண்டு மறுபடி போட்டோம். அதற்குள் இந்த மகானுபாவன், போல்ட் இறுகினால் அடிக்கிற துரு ஸ்பிரேயைக் குழல் வாய்க்குள் கால் டப்பா அடித்துவிட்டான். அண்ணன் பார்த்துவிட்டார். அந்த நாற்றம் அவருக்குத் தெரியாதா? ஆமா ஆமா ஆமா என்று கத்திக்கொண்டே நாற்காலியிலிருந்து சரிந்தார். நானும் அண்ணியும் பிடித்துத் தூக்கினோம். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. டாக்டர் அர்த்தம் தேட வேண்டாம் என்றாரே, அந்த அழுகைக்கும் தேடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஸ்பிரே ஒன்றும் செய்யவில்லை. மெழுகுத் துணியின்மேல் தேங்கி நின்றதோடு சரி. அடுத்து, தண்ணீர் ஊற்றி மருந்தைச் சாகடித்துவிடலாம் என்று தோன்றியது. நனைந்த மருந்து வெடிக்காது, பிறகு தைரியமாக இழுக்கலாம். தண்ணீரை வாய்வரை ஊற்றி, சுவரில் சாய்த்துவைத்தோம். காலையில் பார்த்தால் ஊற்றின தண்ணீர் ஊற்றின அளவிலேயே நிற்கிறது. துணிக்குக் கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. அதைக் கவிழ்த்துக் கொட்டினேன். பின்னாலிருந்து விடலாம் என்றால், கேப்பு மாட்டுகிற மூக்கு அப்பா காலத்திலேயே துருவேறி ஒட்டிப்போனது, திருகினால் அசையவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு மனுஷன் இவ்வளவு நன்றாகவா ஒரு வேலையைச் செய்துவைப்பான்? கொஞ்சம் ஓட்டை விட்டிருக்கக் கூடாதா?

பட்டறைக்கு வந்து, பித்தளைக் கம்பி ஒன்றில் மரத் திருகாணி மாதிரி நுனி கடைந்தேன். இரும்பு இரும்போடு உரசினால் பொறி வரும் என்று பயம். பித்தளைக்குப் பொறி வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழலுக்குள் கை நீட்டப்போகிறவன் நான் என்றால், தெரிந்ததெல்லாம் தெரியாதது மாதிரி ஆகிவிடுகிறது. வீட்டில் எதற்கு என்று கேட்டதற்கு அண்ணன் வீட்டு பம்புசெட்டுக்கு என்று சொல்லிவைத்தேன்.

வியாழக்கிழமை லீவு போட்டுப் போனேன். வயலில் நின்ற ஒரு தென்னை அடிமரத்தில் துப்பாக்கியைக் கயிறு போட்டுக் கட்டி, வாயை ஏரி முள்ளைப் பார்த்து வைத்தேன். அண்ணியின் தம்பி அவசர வேலை என்று தேர்வாய் கண்டிகைக்குப் போய்க்கொண்டிருப்பதாக போனில் சொன்னான். அண்ணனை வீட்டிலேயே விட்டுவர நினைத்தோம். விடவில்லை. நாற்காலியின் கைப்பிடியைத் தட்டித் தட்டிக் கத்தினார். நாற்காலியோடு தூக்கிவந்து தூரத்தில், பின்பக்கமாக உட்காரவைத்தோம். அண்ணி அவர் பக்கத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

குழலுக்கு நேரே நிற்காமல், ஓரமாக மண்டியிட்டு, கையை மட்டும் நீட்டித் திருகினேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. என் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். எதற்கடா இந்த வேலை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையால், காற்றில், மெதுவாக, மெதுவாக என்று காட்டினார். ஒரே வேகத்தில் திருகினேன். கவ்வியது. இழுத்தேன்.

மெழுகுத் துணி வந்தது. போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே, மஞ்சளாக, விளக்கெண்ணெய் வாசனையோடு. அதற்குப் பின்னால் சணப்பு நார் கொத்துக்கொத்தாக வந்தது. மேலே இருந்த நாரில் லேசாக எண்ணெய்ப் பசை, கீழே போகப்போகக் காய்ந்து மொரமொரவென்று. வர வேண்டியதெல்லாம் வந்தது என்று தெரிந்த பிறகு கட்டை அவிழ்த்து, கீழே பேப்பர் விரித்து, குழலைக் கவிழ்த்துத் தட்டினேன்.

கரிமருந்து கொட்டியது. கருஞ்சீரகத்தைக் கொட்டுகிற மாதிரி உதிரி உதிரியாக, பொலபொலவென்று. மழைக்காலத்தைத் தாண்டி, நாங்கள் ஊற்றின தண்ணீரையும் தாண்டி, ஒரு மணிகூட நமுத்திருக்கவில்லை.

"அண்ணா, நமுக்கலண்ணா" என்றேன், என்னை மறந்து. கையில் ஒரு சிட்டிகை எடுத்துப்போய்க் காட்டினேன். அவர் அதை இடது கை விரலால் தேய்த்துப் பார்த்தார். முகத்தில் அசைகிற பாதி சிரித்தது. விழுந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன். உயிர் பிழைத்த சந்தோஷம் வேறு. இனிமேல் கழுவித் துடைத்துக் கொடுத்தால் முடிந்தது, லைசென்ஸ் தப்பித்தது, தேர்தல் முடிந்ததும் திரும்ப வந்துவிடும், இந்த மனுஷன் மடியில் துணியும் மெழுகுமாக உட்கார்ந்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்தேன்.

அண்ணி வந்து பேப்பரைப் பார்த்தாள்.

"இத்தினி மாசமா லோடாத்தான் தொங்கினு இருந்துச்சா?"

நான் கேப்பு இல்லாமல் அது வெடிக்காது என்று சொன்னேன்.

"பொங்கலுக்கு வந்தப்ப எம்மவ கொழந்தைய அதுக்குக் கீயதான் தூளி கட்டிப் போட்டா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை, அழவில்லை. வீட்டுக்குப் போய், குழல் கழுவ எனக்கு வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் திட்டாதது எனக்குப் பிடிக்கவில்லை.

மருந்தை வாளித் தண்ணீரில் கரைத்து வரப்பில் கொட்டினேன். வெந்நீர் விட்டு, சணப்பு நாரைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்தேன். நார் கறுப்பாக வந்தது, பிறகு சாம்பலாக, கடைசியில் வெள்ளையாக. வெயிலில் காயவைத்து விளக்கெண்ணெய் பூசினேன். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கே ஒரு பெருமை வந்தது.

வெள்ளிக்கிழமை ஆட்டோ பிடித்துப் போனோம். லைசென்ஸ்தாரர் நேரில் வர வேண்டும் என்றிருந்தார்கள். அண்ணனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, திருமண் இட்டு அழைத்துப் போனாள் அண்ணி. ரைட்டர் எழுந்து வந்து, தானே நாற்காலி இழுத்துப் போட்டார். குழலுக்குள் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "சூப்பரா வெச்சிருக்கீங்க. இப்டி யாரும் கொண்டாந்து குடுக்கறதில்ல" என்றார். அண்ணன் ஆமா என்றார்.

பிறகு ரைட்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. எலக்‌ஷன் முடிஞ்சப்புறம் இத இவரு கைலதான் குடுக்கணும். இவரால வெச்சிக்க முடியுமா? வெச்சிக்கணும்னா டாக்டர் சர்டிபிகேட் வாங்கியாங்க, மேல அனுப்பறோம். இல்ல, வேணாம்னா, நாங்களா முன்வந்து ஒப்படைக்கறோம்னு இப்பவே எழுதிக் குடுத்துடுங்க. ரெண்டுல எதுனாலும் சரி."

"சர்டிபிகேட் வாங்கிடலாம் சார்" என்றேன் நான்.

"அவரக் கேப்போம்" என்று ரைட்டர் அண்ணன் பக்கம் குனிந்தார். "பெரியவரே, துப்பாக்கி வேணுமா ஒங்களுக்கு?"

"ஆமா."

பார்த்தீர்களா சார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவரு எல்லாத்துக்கும் அதான் சார் சொல்லுவாரு" என்றாள் அண்ணி. "வேணாமானு கேட்டுப் பாருங்க."

ரைட்டர் தயங்கினார். கேட்டார்.

"ஆமா" என்றார் அண்ணன்.

"எழுதிக்குங்க சார்" என்றாள் அண்ணி. "எங்களுக்கு வேணாம்."

"அண்ணி" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது, குரல் நடுங்கவில்லை. "நீ தெனமும் வந்து நின்னு பாத்துக்குவியா தம்பி? உள்ள இன்னா கீதுனு இனிமே யாரக் கேக்கறது? எனுக்குப் பயமா கீது."

காக்களூரில் எனக்கு ஷிப்ட். வாரத்தில் ஒரு நாள் லீவு, அதுவும் நிச்சயமில்லை. அவள் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. அவள்மேல் எனக்குக் கோபமும் வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். லைசென்ஸ் என் பெயரில் இல்லை, பயிர் என்னுடையது இல்லை, அந்த வீட்டில் தினமும் தூங்கி எழுகிறவன் நான் இல்லை. அண்ணனைப் பார்த்தேன். அவர் ரைட்டர் எழுதுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்து மை அட்டையைத் திறந்தார் ரைட்டர். கையெழுத்துப் போட முடியாது, பெருவிரல் ரேகை போதும் என்றார். அண்ணி அண்ணனின் கையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அண்ணன் பெருவிரலை உள்ளே மடக்கி, அதன்மேல் மற்ற விரல்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார். "விரல நீட்டச் சொல்லுங்கம்மா."

"வாதத்துல இப்டி மடங்கிக்கும் சார்" என்றாள் அண்ணி. சொல்லிக்கொண்டே, பச்சைக் குழந்தையின் கையைப் பிரிக்கிற மாதிரி, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்து அடுத்ததற்குப் போவதற்குள் முன்னது மூடிக்கொண்டது. மறுபடி பிரித்தாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, அவர் காதருகே, "உட்டுடுங்க, ஏங்க, உட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அந்தக் கையை நான் பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை, அவள் கையை விலக்கவும் முடியவில்லை.

வாதம் வந்தது அவருடைய வலது கைக்கு. மேஜைமேல் இருந்தது இடது கை. அது எனக்குத் தெரியும், அண்ணிக்கும் தெரியும். ரைட்டருக்குத்தான் தெரியாது. அவர் பொறுமையாகக் காத்திருந்து, பெருவிரல் வெளியே வந்ததும் அதைப் பிடித்து மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தினார். எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ரேகை நன்றாக விழுந்திருக்கிறது என்றார்.